உயரம் ஏற ஏற சூப்பர்சார்ஜரின் பூஸ்ட் ஏன் இறங்குகிறது?

கேள்வி – கணவாய்வழி

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டின் ஃபோர்ட் எஸ்விடி எஃப்-150 லைட்னிங். 5.4 லிட்டர் வி8 எஞ்சினின் மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்தப்பட்ட பிக்கப் ட்ரக். நிறுவனம் குறிப்பிடும் திறன் 380 குதிரைத்திறன். கடல் மட்டத்தை ஒட்டிய சாலைகளில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் பூஸ்ட் கேஜின் முள் 8 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அழுத்தம்) போய் நிற்கும். சென்ற வாரம் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றைக் கடந்தபோது, அதே ஆர்பிஎம்மில் எவ்வளவு மிதித்தும் முள் 5.5ஐத் தாண்டவில்லை, வண்டியின் இழுவையும் நன்றாகவே குறைந்திருந்தது. கீழே இறங்கிய பிறகு மறுபடியும் 8.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். வழுக்கியதற்கு அடையாளமான பளபளப்போ கருகல் வாடையோ இல்லை. ஹோஸ் இணைப்புகளில் கசிவும் இல்லை. சூப்பர்சார்ஜர் இருக்கும் வண்டிக்கு உயரம் ஒரு பொருட்டே அல்ல என்று பலர் சொல்லக் கேட்டு அதையே நம்பியிருந்தேன். இது பழுதா, இயல்பா? இயல்பு என்றால் மேலே எவ்வளவு திறனை இழக்கிறேன்? சூப்பர்சார்ஜரில் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியைச் சிறியதாக மாட்டினால் அதை மீட்க முடியுமா?

மறுமொழி – அழுத்தமானி

உங்கள் வண்டியில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் கண்ட 5.5 என்ற எண்ணே அதற்குச் சான்று.

பூஸ்ட் கேஜ் காட்டுவது, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. எஞ்சினுக்கோ மேனிஃபோல்டில் உள்ள முழு அழுத்தம்தான் கணக்கு. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ, அதனோடு 8ஐக் கூட்டினால் 22.7. அதாவது சூப்பர்சார்ஜர் தனக்குக் கிடைத்த அழுத்தத்தை 1.54 மடங்காக்குகிறது. பெல்ட் வழியாக கிராங்க் ஷாஃப்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அது சுற்றும் வேகமும் அது தள்ளும் காற்றின் கனஅளவும் மாறுவதில்லை. ஆகவே இந்த விகிதமும் பெரிதாக மாறுவதில்லை. 3,000 மீட்டரில் வெளிக்காற்று சுமார் 10.2 பிஎஸ்ஐதான். அதை 1.54ஆல் பெருக்கினால் 15.7, அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்தால் மீதி 5.5. உங்கள் முள் நின்ற இடம் அதுவே.

கேஜில் 2.5 பிஎஸ்ஐ குறைந்ததாகத் தோன்றினாலும், எஞ்சின் உண்மையில் இழந்தது 22.7க்கும் 15.7க்கும் இடையிலுள்ள 7 பிஎஸ்ஐ என்பதைத்தான் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எம்112 ஒரு சுற்றுக்குத் தள்ளுவது 112 கன அங்குலம், ஏறத்தாழ 1.84 லிட்டர். கடல் மட்டக் காற்றில் அந்தக் கொள்ளளவின் எடை 2.25 கிராம், 3,000 மீட்டரில் 1.67 கிராம். சூப்பர்சார்ஜர் மேலேயும் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. ஆனால் அள்ளிய ஒவ்வொரு கையிலும் காற்று குறைவாக இருந்தது.

இனி குதிரைத்திறன். அது எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றின் எடையோடு, அதாவது காற்றின் அடர்த்தியோடு, ஏறி இறங்குவது. பொது வளிமண்டல அளவுகளின்படி 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 74 விழுக்காடு. 1,500 மீட்டரில் 86 விழுக்காடு. உங்கள் 380 குதிரைத்திறன் 1,500 மீட்டரில் ஏறத்தாழ 328 ஆகவும், 3,000 மீட்டரில் 282 ஆகவும் இறங்கும். சூப்பர்சார்ஜர் இல்லாத அதே 5.4 லிட்டர் எஞ்சின் அக்கால எஃப்-150இல் 260 குதிரைத்திறன் தந்தது. அது 3,000 மீட்டரில் 193க்கு வந்துவிடும். விழுக்காட்டில் இருவருக்கும் இழப்பு ஒன்றே. உயரம் பொருட்டல்ல என்று சொல்பவர்கள் மேலே எஞ்சியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, இழந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் 3,000 மீட்டரில் உங்கள் வண்டி, சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டி கடலோரத்தில் ஓடுவதைவிடச் சற்றுக் கூடுதல் திறனோடு ஓடுகிறது என்பது சிறிய செய்தி அல்ல.

இந்த 74 விழுக்காடு, மேலே குளிர் நிலவும்போது பொருந்துவது. அதே உயரத்தில் 25 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தால் அடர்த்தி 67 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நீங்கள் கடந்த நாளின் வெப்பநிலையையும் குறித்துவைத்திருந்தால் கணக்கு இன்னும் நெருங்கி வரும்.

மறுமொழி – இரட்டைவேகம்

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். உயரம் பொருட்டல்ல என்ற பேச்சு டர்போவிலிருந்து சூப்பர்சார்ஜருக்கு ஒட்டிக்கொண்டது என்றே கருதுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழலும் டர்போவை எஞ்சினின் ஆர்பிஎம்மோடு கட்டிவைக்கும் பெல்ட் எதுவும் இல்லை. காற்று மெலிந்தால், புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டைச் சற்று மூடி, டர்பைனை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு, மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தை ஓரளவு உயரம் வரை அப்படியே வைத்திருக்க முடியும். அதற்கும் வரம்பு உண்டு. கம்ப்ரஸரின் வேகமும் வெப்பமும் எல்லையைத் தொட்டதும் டர்போவும் திறனை இழக்கத்தான் செய்யும்.

எஞ்சினோடு பிணைந்த சூப்பர்சார்ஜருக்கு இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் விமான எஞ்சின்காரர்கள். ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61 எஞ்சினில் சூப்பர்சார்ஜருக்கு இரண்டு கட்டங்களும் இரண்டு வேகங்களும் இருந்தன. ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் பற்சக்கரம் மாறி, காற்றைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இன்னும் வேகமாகச் சுழலும். நம் ட்ரக்குகளில் அந்த மாற்றம் இல்லை. கீழே எந்தப் புல்லியோ மேலேயும் அதே புல்லிதான்.

கேள்வி கேட்டவர் – கணவாய்வழி

மிக்க நன்றி. முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது என் தவறு என்று புரிகிறது. அப்படியானால் விட்டம் 10 விழுக்காடு குறைந்த புல்லியை மாட்டி, மேலே இழந்ததைச் சரிக்கட்டலாம் அல்லவா?

மறுமொழி – ஸ்பார்க்பிளக்

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இதே எண்ணத்தோடு இதே அளவு குறைத்து என் ட்ரக்கில் மாட்டிப் பட்ட அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

10 விழுக்காடு சிறிய புல்லி சூப்பர்சார்ஜரை 11 விழுக்காடு வேகமாகச் சுழற்றும். தோராயமாக 3,000 மீட்டரில் முழு அழுத்தம் 15.7இலிருந்து 17.4 ஆகும், கேஜ் 7.2 அல்லது 7.3 காட்டும். மனம் மகிழும். ஆனால் அதே புல்லி கடல் மட்டத்தில் 22.7ஐ 25.2 ஆக்கும், கேஜில் 10.5. மேலே கிடைத்தது 1.7 பிஎஸ்ஐ, கீழே, தேவையே இல்லாத இடத்தில், கூடியது 2.5 பிஎஸ்ஐ. வேகம் கூடுவதால் வெளியேறும் காற்றின் வெப்பமும் கூடும். பெல்ட் வழுக்கும் வாய்ப்பும் கூடும்.

மலைமேல் ஒரு வாரம் வண்டி அருமையாக ஓடியது. இறங்கி வந்து, சமவெளியில் ட்ரெய்லரோடு ஒரு பாலத்தின் ஏற்றத்தில் முழுவதும் மிதித்தபோது, தகரடப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவதுபோல் ஓர் ஒலி இரண்டு மூன்று நொடிகள் கேட்டது. அது நாக்கிங், அதாவது மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் எரிபொருள் கலவை சிலிண்டருக்குள் தானாகவே வெடிப்பது. அன்று மாலையே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஏழாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகளும், அவற்றிடையே வெளிச்சத்தில் மின்னும் சில துகள்களும் இருந்தன. மின்னியவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். மறுநாளே பழைய புல்லியை மாட்டிவிட்டேன்.

ஆண்டு முழுவதும் உயரத்திலேயே ஓடும் வண்டி என்றால் சிறிய புல்லி பொருத்தமானதே. அப்போதும் எரிபொருள் அளவையும் இக்னிஷன் டைமிங்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். உங்களைப் போல் ஏறி இறங்குபவர்கள், எந்தப் புல்லியானாலும், அது கடல் மட்டத்தில் தரும் அழுத்தத்தை வைத்தே டியூனையும் பெட்ரோலின் ஆக்டேனையும் (நாக்கிங்கைத் தாங்கும் தன்மையின் அளவு) முடிவு செய்ய வேண்டும். மேலே ஆக்டேன் குறைந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு அதே டாங்க்கோடு கீழே இறங்குவதையும் தவிர்க்கவும்.

திறனைவிட நான் அஞ்சுவது வெப்பத்தை. மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்தும், சூப்பர்சார்ஜர் தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முன்புற ரேடியேட்டரிலிருந்தும் குறைவான வெப்பத்தையே வாங்கிச் செல்கிறது. மேலும் ரேடியேட்டர் மூடி தாங்குவதும் வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத்தான். அதனால் கூலன்ட் கொதிக்கும் வெப்பநிலையும் மேலே இறங்கிவிடும். அடுத்த முறை ட்ரெய்லரோடு ஏறும்போது ஒரு கியர் குறைத்து, முழு மிதியைத் தவிர்த்து, பூஸ்ட் முள்ளைவிட வெப்பமானியை அதிகமாகக் கவனியுங்கள்.