தொற்றுக் காலத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட கலைஞர்கள்: வேலை நேரம், உரிமம், ஒப்பந்தம்

லயத்துவாசி (சுங்கை சிப்புட், மலேசியா)
தோட்டத்து உருமி, நடனக் குழுவில் 12 பேர். மூவருக்கு 14 வயது, மற்றவர்களுக்கு 16, 17. பத்து நாள் கோயில் திருவிழாவுக்குப் பேசி முடித்தாயிற்று, இடையில் ஈப்போவில் ஒரு தொலைக்காட்சி ஒளிப்பதிவும் இருக்கிறது. 2020இல் கோவிட் தொற்றுக்காக வந்த மாதிரி மறுபடி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தால் பிள்ளைகளின் வேலை நேர விதி தளருமா, இறுகுமா? ஒளிப்பதிவு ஒப்பந்தத்தில் "வராவிட்டால் 2,000 ரிங்கிட் இழப்பீடு" என்று வேறு போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

சட்டம்350
தளராது. கட்டுப்பாட்டு ஆணை வருவது 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (சட்டம் 342) கீழ். பிள்ளைகளின் வேலையைப் பார்ப்பது 1966ஆம் ஆண்டு குழந்தைகள், இளையோர் (வேலைவாய்ப்பு)ச் சட்டம் (சட்டம் 350). முன்னது வந்தால் பின்னது ஒதுங்கிக்கொள்ளாது, இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

2019 பிப்ரவரி முதல் 15 வயதுக்குக் கீழ் "குழந்தை", 15 முதல் 18 நிறையும் வரை "இளையர்". எந்தப் படிவத்தில் (வகுப்பில்) படிக்கிறார் என்பது கணக்கில்லை, பிறந்த தேதிதான்.

14 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. பள்ளி நாளில் பள்ளி நேரமும் வேலையும் சேர்த்து 7. தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் 30 நிமிட ஓய்வு. அடுத்த வேலை தொடங்குமுன் 14 மணி நேர இடைவெளி. 16, 17 வயதுக்கு இதே கணக்கு 7 மணி நேரம், பள்ளியோடு 8, தொடர்ச்சி 4 மணி நேரம், இடைவெளி 12. எல்லாருக்கும் எந்த ஏழு நாளிலும் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது. ஆக உங்கள் பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவில் விடுப்பு நாள் விழுந்தே ஆகவேண்டும். ஒளிப்பதிவு நாளை ஓய்வு நாள் என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் வேலைதான்.

பிள்ளைகளை இரவு 8 மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை, மேடை நிகழ்ச்சி போன்ற பொதுக் கேளிக்கைக்குப் பொருந்தாது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இரவு 11க்கு முடித்த 14 வயதுப் பிள்ளையை மறுநாள் பகல் 1 மணிக்கு முன் வேலைக்கு அழைக்க முடியாது.

மேடைக்கணக்கு
இறுக்கம் எங்கே வரும் என்றால், நேரத்தில். பள்ளி காலை 7.30 முதல் 1.30 வரை என்றால் 6 மணி நேரம் போய்விட்டது, 14 வயதுக்கு மிச்சம் ஒரே மணி நேரம். தொற்றுக் காலத்தில் வாசலில் வெப்பநிலை பார்ப்பது, சுயப் பரிசோதனைக்கு 15 நிமிடம் காத்திருப்பது, ஒப்பனை அறைக்கு நாலு நாலு பேராக அனுப்புவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தின்னும். வரச்சொன்ன நேரத்திலிருந்து அனுப்பிவைக்கும் நேரம் வரை வேலை என்றே எழுதுங்கள். "மேடையில் இருந்தது இருபது நிமிடம்தானே" என்ற வாதத்தை நம்பிப் போகாதீர்கள். அந்த மூவரையும் சனி, ஞாயிறு அல்லது பள்ளி விடுமுறைக்கு மாற்றுவதே நல்லது.

பள்ளி மூடி இணைய வகுப்பு நடந்தால்? 1966இல் எழுதிய வரி அதை நினைத்துப் பார்த்ததில்லை. வகுப்பு அட்டவணையைப் பள்ளி நேரமாகவே கூட்டிக்கொள்ளுங்கள், கைபேசியோடு உருமி பின்னால் உட்காரவைத்து வகுப்பு என்று கணக்குக் காட்டுவது பிள்ளைக்கும் நல்லதல்ல.

முகப்பூச்சு தடவும் பஞ்சு, உதட்டுச்சாயம் ஆளுக்கொன்று, பெயர் ஒட்டி. ஒலிவாங்கி உறையும் அப்படியே. 12 பேரையும் ஒரே வேனில் அடைத்துக் கொண்டுபோய்விட்டு, இறங்கியதும் ஒரு மீட்டர் இடைவெளி கேட்பதில் பயனில்லை.

லயத்துவாசி
கோயிலில் பிள்ளைகளுக்குக் கூலி இல்லை, சாப்பாடும் கொஞ்சம் கைச்செலவும்தான். அதுவுமா வேலை?

சட்டம்350
ஆதாயத்துக்கான உழைப்பு என்றால் வேலை. ஆதாயம் பிள்ளைக்கே வரவேண்டும் என்றில்லை, வேறு யாருக்குப் போனாலும் சேரும் என்று சட்டமே சொல்கிறது. குழு பணம் வாங்கி வாசிக்கிறது என்றால் "தன்னார்வலர்" என்று எழுதித் தப்ப முடியாது.

பொதுக் கேளிக்கைக்கு மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகாவில் உரிமம் எடுக்கவேண்டும். 14 வயதுக்காரர்கள் மட்டும் போதும் என்று விடாமல் 18க்குக் கீழ் எல்லார் பெயரையும் போடுங்கள். இளையருக்கான பிரிவும் அதே உரிமப் பத்தியைத்தான் சுட்டுகிறது. கட்டுப்பாட்டால் நாள் தள்ளிப்போனாலோ இடம் மாறினாலோ பழைய உரிமத்தோடு போகாமல் முதலில் இலாகாவைக் கேளுங்கள்.

ஒப்பந்தம்பார்
அந்த 2,000 ரிங்கிட்: சட்டம் 350இன் 13ஆம் பிரிவுப்படி குழந்தையோ இளையரோ தாமே வேலை ஒப்பந்தம் செய்யலாம், பாக்கிக்கு வழக்கும் போடலாம். ஆனால் அதை மீறியதற்காக அவர்களிடம் இழப்பீடு வாங்க முடியாது. அதனால்தான் கெட்டிக்கார ஏற்பாட்டாளர்கள் பெற்றோரைப் பிணையாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்படிப் பிணை வரி இருந்தால் அடித்துவிட்டுக் கொடுங்கள்.

நோய்க்கென்று தனிப் பத்தி கேளுங்கள். சுகாதார அதிகாரி சட்டம் 342இன் கீழ் தனிமைப்படுத்தச் சொன்னால் வராமல் இருப்பது மீறல் ஆகாது, முடித்த நாட்களுக்குப் பணம் உண்டு, பரிசோதனைச் செலவு ஏற்பாட்டாளருடையது, கூட்டம் தடைசெய்யப்பட்டால் முன்பணம் எவ்வளவு திரும்பும். இந்த நாலும் எழுத்தில் வேண்டும். தொற்று இருப்பது தெரிந்தும் பிள்ளை மேடையேறினால் சட்டம் 342இன் 12ஆம் பிரிவு பாயும், அங்கே ஒப்பந்தத்தைக் காட்டித் தப்ப முடியாது.

ஆணை வந்த நாளில் வாட்சாப்பில் சுற்றும் எஸ்ஓபி (நடைமுறை விதி) படத்தை நம்பாதீர்கள். 2020 மார்ச் 18இல் வந்த முதல் விதிமுறையில் மீறலுக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிறகு விதிகள் பலமுறை மாறின. அன்றைய அரசிதழையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் பாருங்கள்.

லயத்துவாசி
பிணை வரியை அடித்துத் திருப்பி அனுப்பியாயிற்று. 14 வயது மூவரும் சனி, ஞாயிறு மட்டும். உரிமத்துக்கு 12 பேரின் மைகாட் (அடையாள அட்டை) நகல் எடுத்தாகிறது.