மூன்று பேர், மூன்று மென்பொருள், ஒரே படக்கதை: படக்கோப்புகளை எப்படிப் பரிமாறுவது?

மல்லாவிப் பிள்ளை
வணக்கம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை வைத்துச் சிறுவர் படக்கதை ஒன்று செய்கிறோம். நான் கீறுவது கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில். முள்ளியவளையில் இருக்கும் மச்சாள் கிம்ப், நிறம் போடுகிற தம்பி போட்டோஷொப். தம்பியின் பி.எஸ்.டி. கோப்பை (போட்டோஷொப்பின் சொந்த வடிவம்) திறந்தால் எழுத்து லேயர், அதாவது எழுத்து இருக்கும் அடுக்கு, வெறும் படமாகி நிற்கிறது, திருத்த ஏலாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோடெல்லாம் கலங்கிவிடுகிறது. எந்த வடிவத்தில் பரிமாறலாம்? கடைசியில் அச்சகத்துக்கும் கொடுக்கவேண்டும்.

வவுனியா வாசகன்
வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்படியே போகும்.

பரந்தன் அண்ணை
தங்கச்சி, கைமாறுவதற்கு ஓ.ஆர்.ஏ. வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ராஸ்டர் என்பார்கள். கிரிட்டா, கிம்ப் இரண்டுமே திறக்கும், சேமிக்கும். அந்தக் கோப்பின் பெயர் முடிவை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு லேயரும் தனித்தனி பி.என்.ஜி. படமாக உள்ளே கிடக்கும். எது மேலே, எது கீழே என்பது எக்ஸ்.எம்.எல். என்ற ஒரு எழுத்துக் கோப்பில் இருக்கும். நாளைக்கு எந்த மென்பொருள் இல்லாமற் போனாலும் உங்கள் கோடு உங்களிடம் இருக்கும். எங்கள் ஊர்ச் சனம் எத்தனை அல்பம், எத்தனை கொப்பிகளை விட்டுவிட்டு ஓடியது! நாங்கள் கீறுவதையாவது எவரும் திறக்கக்கூடிய பெட்டியில் வைப்போம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆனால் வடிகட்டி லேயர் (கீழே உள்ள படத்தின் தோற்றத்தை மாற்றிக் காட்டும் அடுக்கு), அசைவூட்டம் போன்றவை ஓ.ஆர்.ஏ.யில் தங்காது. ஆகவே மூலப்பிரதி உங்கள் கிரிட்டாக் கோப்பாகவே இருக்கட்டும். பி.என்.ஜி.யில் சி.எம்.வை.கே. எனும் அச்சு மைகளின் நிறமுறையும் இல்லை, அச்சுக்கான நிறமாற்றத்தைக் கடைசியில், ஒரே கணினியில், கிரிட்டாவிலேயே செய்யுங்கள். தம்பியும் கிரிட்டாவுக்கு வந்தால் நல்லது. இலவசம், அவருடைய பி.எஸ்.டி.யையும் பெரும்பாலும் திறக்கும்.

எழுத்தைப் படத்துக்குள் போடவே வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற கோட்டோவிய மென்பொருளில், அதன் எஸ்.வி.ஜி. கோப்பாகத் தனியே வையுங்கள், யூனிகோட்டில். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். நோட்டோ தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, மூவரும் அதையே போட்டுக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் எழுத்தைப் பாதையாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள்; திருத்தக்கூடிய மூலம் உங்களிடம் இருக்கட்டும்.

மல்லாவிப் பிள்ளை
நன்றி அண்ணை. உப்புநீரில் விளக்கெரிகிற பக்கத்தை அனுப்பிப் பார்த்தேன். மச்சாளுக்கு லேயர் பெயர்கள் தமிழிலேயே போயின. சுடரைச் சுற்றிய ஒளி மட்டும் வரவில்லை.

பரந்தன் அண்ணை
ஒளியை வடிகட்டி லேயராகப் போட்டிருப்பீர்கள். அதன் பிரதி ஒன்றைச் சாதாரண வண்ண லேயராக மாற்றி அனுப்புங்கள், மச்சாளுக்குத் தெரியும். வடிகட்டியோடு இருப்பதை மூலத்திலேயே விடுங்கள்.