ஜீப் இழுத்த ரயிலில் போனவர்கள் இருக்கிறீர்களா?

நானே ஆரம்பிக்கிறேன். டப்ளினில் இருந்தபோது, நீராவி ரயிலில் ஒரு நாள் உலா என்று கேள்விப்பட்டு கானலி ஸ்டேஷனுக்குப் போனேன். நின்றது நம்பர் 4 என்ற என்ஜின். அயர்லாந்துப் புராணத்து மேவ் ராணியின் பேர் தாங்கிய, 800 வகை என்ற பெரிய என்ஜினின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவனுக்கு இது பெரிய ஏமாற்றம். கறுப்பு, கட்டைகுட்டையான உடம்பு. கரியும் தண்ணீரும் சுமக்கப் பின்னால் இணைக்கும் டெண்டர் வண்டி தனியாகக் கிடையாது. தண்ணீர் இரண்டு பக்கத் தொட்டியில், கரி முதுகில். ரயில்காரர்கள் இந்த வகைக்கு வைத்த பேர் ஜீப். 1946 முதல் 1950 வரை வட அயர்லாந்துக்காக இங்கிலாந்தின் டார்பியில் 18 செய்தார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

டப்ளினுக்குத் தெற்கே ப்ரே ஊரைத் தாண்டியதும் பாதை மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகிறது, கீழே கடல். நான் ஜன்னலோரம் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரிசையாகச் சுரங்கங்கள் இருப்பது அப்போது தெரியாது. திடீரென்று இருட்டு, காது அடைக்கும் சத்தம், பெட்டி முழுக்கப் புகை. வெளியே வரும்போது வலது கண்ணில் கரித்துகள். எதிரே இருந்த பாட்டி கைக்குட்டையை நீட்டி, "முதல் தடவையா?" என்று மட்டும் கேட்டார். மற்ற ஜன்னல்களெல்லாம் எப்போதோ மூடியிருந்தன!

* * *

அழகில்லை என்றா சொன்னீர்கள்? வட அயர்லாந்தின் ஒயிட்ஹெட் ஊரில் இதே நம்பர் 4 பக்கத்தில் நின்றிருக்கிறேன் நண்பரே. பெரிய சக்கரம் ஒன்றொன்றும் 6 அடி, நம் உயரத்துக்கு மேலே. ஓடாமல் நிற்கும்போதும் உள்ளே ஏதோ முனகிக்கொண்டும் சொட்டிக்கொண்டும் இருக்கும்.

அங்கே ஒரு பெரியவர் சிறுவயதில் பார்த்ததைச் சொன்னார். எம்-2 நெடுஞ்சாலைக்காக பெல்ஃபாஸ்ட் கடலோரத்தைத் தூர்க்க, 1966 முதல் 1970 வரை மகரமோர்ன் குவாரியிலிருந்து மண்ணும் கல்லும் போனது ஒயிட்ஹெட் வழியாகத்தான். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். இறக்கிவிட்டு என்ஜினைச் சுற்றிக் கொண்டுவரும் வேலையே இல்லை, அப்படியே திரும்பிவிடலாம். பிரிட்டனில் 1968-லேயே நீராவியை நிறுத்திவிட்டார்கள். இந்த ஜீப்புகள் அதற்கப்புறமும் மண் சுமந்துகொண்டிருந்தன. "அப்போது யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, கொடியில் காயும் துணி அழுக்காகுதேன்னு அம்மாதான் திட்டுவாள்" என்றார். 1971-ல் ரயில் ஆர்வலர் சங்கம் நம்பர் 4-ஐ வாங்காமல் இருந்திருந்தால், உங்கள் கண்ணுக்கும் ஆபத்து வந்திருக்காது.

* * *

ஒரு சின்ன சேதி: அந்த ஊர்ப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 5 அடி 3 அங்குலம். நம்ம ஊர் அகலப் பாதையைவிட 3 அங்குலம்தான் குறைவு. அதுசரி, முதலில் எழுதியவரே, கண் என்ன ஆயிற்று?

* * *

கண் சாயங்காலமே சரியாகிவிட்டது. சட்டைக் காலர்தான் மூன்று துவைப்புக்கும் அசையவில்லை.