ஏசி போட்டால் ஈரச் சாக்கு வாடை: டேஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

காவேரிப்பட்டணத்தான்:
என்னுடையது 2014 மாடல் டீசல் கார். வாரம் ஒருமுறை ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருவேன். பத்து நாளாக, ஏசியைப் போட்டதும் மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கை உதறியது போல ஒரு வாடை அடிக்கிறது. சூளகிரி வருவதற்குள் என் மூக்குக்குப் பழகிவிடுகிறது. புதிதாக ஏறுகிறவர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள். போன சனிக்கிழமை பேத்தி, "தாத்தா, நான் பஸ்ஸிலேயே வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் இரண்டு கூடை செந்தூரா மாம்பழம் ஏற்றிப் போனேன். ஒரு பழம் சீட்டுக்கு அடியில் உருண்டு அழுகிவிட்டதோ என்று கைவிட்டுத் துழாவினேன். கிடைத்தது ஒரு பேனா மூடிதான். எலுமிச்சை வாசனை டப்பா ஒன்று வாங்கி மாட்டினேன். இப்போது ஈரச் சாக்கில் எலுமிச்சை பிழிந்தது போல இருக்கிறது. ஒரு பட்டறையில் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்கிறார்கள். வண்டி நிற்பது வீட்டு வாசல் புளியமரத்தடியில். மரம் என் அப்பா வைத்தது. அதை வெட்டும் யோசனையை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பாலக்கோடு மெக்கானிக்:
ஐயா, டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி. ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறதா? முன்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் ஈரமா?

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, ஒரு சொட்டுக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் நின்ற இடமெல்லாம் ஈரமாக இருக்கும். நம் வண்டி எவ்வளவு சுத்தம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதும் மிதியடியைத் தூக்கினேன். அடியில் இருக்கும் கார்பெட்டை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வருகிறது.

பாலக்கோடு மெக்கானிக்:
சொட்டுகிற வண்டிதான் நல்ல வண்டி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்கும் அல்லவா, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலும் அப்படித்தான் வேர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாகக் கீழே போய்விட வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளேயே தேங்கும். தூசியும் புளிய இலையும் அதில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும்.

குழாய் பெரும்பாலும் இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டின் கீழ்ப்பக்கம் இருக்கும். மெல்லிய நைலான் நரம்பை விட்டுப் பொறுமையாகக் கிளறச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழியும். ஏர் பிரஷரும் வேண்டாம். அழுக்கை மேலே ஏற்றிவிடும். அடைப்பு விடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை எனக்கு வாய்க்குள்ளேயே வந்தது.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையில் சேர்ந்த இலையையும் அள்ளுங்கள். வெளிக்காற்று நுழைகிற வாசல் அதுதான். காயிலைக் கழுவ நுரை டப்பா உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். குழாய் திறந்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும், இல்லையென்றால் நுரையும் உள்ளேயே தங்கும்.

கார்பெட் ஈரம் வெறும் தண்ணீராக இல்லாமல் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையுமாக இருந்தால் சொல்லுங்கள். அது ஹீட்டரிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிவது; வேறு வேலை.

இண்டூர் டீச்சர்:
ஐயா, எனக்கும் இதே தொல்லை, ஆனால் காரணம் வேறு. கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையில் காரை நிறுத்துவேன். எலி உள்ளே புகுந்து ஃபில்டரைக் கடித்துக் கூடு கட்டி, காற்றை ஊதும் புளோயர் பக்கத்திலேயே செத்தும் போனது. அந்த நாற்றத்தோடு நாலு நாள் தருமபுரிப் பள்ளிக்குப் போய்வந்தேன், புடவையில்கூட ஏறிவிட்டது. உங்களுடையது ஈர வாடை என்பதால் பிழைத்தீர்கள்.

சுத்தம் செய்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு, வெளிக்காற்றுப் பக்கம் திருப்பி, புளோயரை மட்டும் ஓடவிடுவேன். காயில் உலர்ந்துவிடும். சித்திரை வெயிலில் அந்த ஐந்து நிமிடம் கொடுமைதான்.

காவேரிப்பட்டணத்தான்:
நேற்று முடித்தேன். தேநீர் நிறத்தில் ஒரு செம்புத் தண்ணீராவது கொட்டியிருக்கும், கூடவே நார்நாராகப் புளிய இலைக்காம்பு. ஃபில்டரைப் பார்த்ததும் என் மனைவி, "இதன் வழியாகவா இத்தனை நாள் மூச்சுவிட்டோம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கூலியும் ஃபில்டரும் நுரையும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். கார்பெட் மொட்டைமாடியில் காய்கிறது. தண்ணீர் வெறும் தண்ணீர்தான் தம்பி, பிசுபிசுப்பு இல்லை.

சாக்கு வாடை போய்விட்டது. எலுமிச்சைதான் சீட்டுத் துணியில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறது. சனிக்கிழமைக்குள் அதைப் போக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.