சென்னைத் தொலைக்காட்சியும் நம்ம ஊர் ஆன்டெனா பைப்பும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 15-ஓட சென்னைத் தொலைக்காட்சிக்கு, அதான் தூர்தர்ஷனோட சென்னை நிலையத்துக்கு, 50 வருஷம் நிறைஞ்சிருச்சு. அதோட வரலாறுன்னு எழுதுறவங்க சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சிடுறாங்க. வாலாஜாப்பேட்டைப் பக்கம் அது எப்படி வந்து சேர்ந்ததுங்கிறதை நம்ம சங்க மலர்ல நாமதான் எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

சென்னையிலிருந்து நமக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். டிவி அலை பெரும்பாலும் நேர்க்கோட்டுல போறது. இவ்வளவு தூரத்துல பூமியோட வளைவே அதை மறைச்சிடும். மெட்ராஸ்ல மொட்டை மாடியில ஆள் உயரக் குழாய் போதும். நம்ம பக்கம் வீட்டு மேல இன்னொரு வீடு உயரத்துக்கு ஜி.ஐ. பைப் நட்டு, ஆடிக்காத்துக்குச் சாயாம நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். உச்சியில அலுமினியக் குச்சிங்க கிழக்கே பார்த்து நிக்கும். அதுக்கு அடியிலயே பூஸ்டர். ஒயர்ல இறங்கித் தேயறதுக்குள்ள சிக்னலைப் பெருக்கணும், டிவி பக்கத்துல வச்சா இரைச்சலும் சேர்ந்து பெருகும்னு ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் விளக்கிட்டுத்தான் ஏறுவார். பைப் துளி திரும்பினாலும் படம் புள்ளி புள்ளியாப் போயிடும், பேச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். சாலிடர், டயனோரா பெட்டி வாங்கின வீட்டுல பெட்டிக்கு அடுத்த பெரிய செலவு இந்தப் பைப்தான்.

எண்பதுகளின் நடுவுல நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையம் திறந்தாங்க. இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியா டில்லி நிகழ்ச்சியை வாங்கி, சுத்துவட்டாரத்துக்கு மட்டும் கொடுக்கிற ஏற்பாடு. தெளிவாத் தெரிஞ்சது, ஆனா இந்தி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயித்துக்கிழமை சாயங்காலப் படம், ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்ற ‘எதிரொலி’ எல்லாம் மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். அதனால பைப்பை யாரும் இறக்கல. புள்ளியும் கோடுமா இருந்தாலும் நம்ம பாஷையில வர்றதைத்தான் ஜனம் பார்த்தது. என் கணக்குல நிலையத்தோட வரலாற்றுல இதுதான் பெரிய விஷயம். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வந்தாக்கூட எழுந்து போகாம உட்கார்ந்திருந்தவங்க நம்ம பெரியவங்க.

1987 டிசம்பர்ல எம்.ஜி.ஆர். இறுதி ஊர்வலத்தை நான் பஞ்சாயத்து டிவியில பார்த்தேன். பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கிட்டு வந்து வச்சாங்க. நிலத்து வேலையைப் போட்டுட்டு வந்த பொம்பளைங்க தெருவுல உட்கார்ந்து, திரையில வண்டி நகர நகர மாரடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சாங்க. மெட்ராசுக்குப் பஸ் ஏற முடியாதவங்களுக்கு அந்தத் திண்ணைதான் அவர் உடலை வச்சிருந்த ராஜாஜி ஹால்.

1993 ஏப்ரல்ல சன் டிவி வந்து, கேபிள்காரர் தெருத்தெருவா ஒயர் இழுத்ததும் பைப்புங்க ஒண்ணொண்ணா இறங்கிடுச்சு. நிலையமும் பொதிகை ஆகி, 2024 ஜனவரியில டிடி தமிழ் ஆயிடுச்சு. ஆன்டெனாவுல பிடிக்கிற பழைய ஒளிபரப்பையும் நாடு முழுக்க ஏறக்குறைய நிறுத்திட்டாங்க.

மலருக்கு நான் கேக்கறது இதுதான். பழைய கல்யாண போட்டோவுல பின்னாடி ஆன்டெனா தெரிஞ்சா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. போஸ்டாபீஸ்ல டிவி லைசென்ஸ் கட்டின புஸ்தகம் பரண்ல கிடந்தா அதையும். ‘எதிரொலி’யில யாராவது நம்ம ஊர்க் கடிதம் படிச்சதைக் கேட்டிருந்தா எழுதுங்க. பஞ்சாயத்து டிவிக்குச் சாவி வச்சிருந்த பெரியப்பா இன்னும் ஊர்லதான் இருக்கார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். பொங்கலுக்குப் போறவங்க அவர்கிட்ட உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணிட்டு வரணும். யார் போறீங்கன்னு இந்த மடல்லயே பதில் போடுங்க, கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் நான் எழுதி அனுப்புறேன்.

அன்புடன்,
பஜனைக்கோயில் தெரு, இப்போ மஸ்கட்