நீந்தும் பிள்ளைக்கு விடுதிப் பள்ளி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெண்ணுக்கு 12 வயது, 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) நீந்துகிறாள். ஜூனில் சேர்க்க சென்னை, கோவை, பெங்களூரு பக்கம் விடுதிப் பள்ளி தேடுகிறோம்.

'நீச்சல் குளம் உண்டு' என்று எல்லாப் பள்ளியும் போடுகிறது. குளத்தின் நீளம் எவ்வளவு? 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டருக்கு 7 திருப்பம், 50 மீட்டரில் 3தான். சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் குறைவதால், சின்னக் குளத்து நேரம் பெரிய குளத்தில் வராது. வாரத்தில் இரண்டு நாளாவது 50 மீட்டர் குளத்துக்குக் கூட்டிப்போகும் பள்ளி எது?

சுவருக்கு 5 மீட்டர் முன்னால், தலைக்கு மேலே கொடித்தோரணம் கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். மல்லாந்து நீந்தும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் கைவீச்சை எண்ணித் திரும்பும். இல்லாவிட்டால் தலை சுவரில் மோதும். இது இல்லாத குளம் எங்களுக்கு வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானலில் தண்ணீரைச் சூடாக்கும் வசதியோடு குளம் உள்ள பள்ளி இருக்கிறதா? போட்டிக் குளத்தில் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். மலைக்குளிரில் அது தானாக வராது.

ஒரு லேனில் எத்தனை பிள்ளைகள்? எட்டுப் பேர் என்றால் நீந்துவதைவிட ஒதுங்கி நிற்பதே அதிகம். காலை 5 மணிப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமும், 7 மணிக்குக் கரையேறியதும் முட்டையோடு டிபனும் விடுதியில் கிடைக்குமா? 8:30 வரை காக்க வைத்தால் உடம்பு தேறாது.

கர்நாடகத்தில் சேர்த்தால் மாநில நீச்சல் சங்கப் பதிவை மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும்?