நீர்மாத்திரையும் இளநீரும்: மீண்டும் அதே வாதம்

தேக்காவாசி:
நீர்மாத்திரை எதுவாயினும் பொட்டாசியத்தைக் கரைத்துவிடும், ஆகவே ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்வோர் நாள்தோறும் இளநீர் அருந்த வேண்டும் என்று பூன்லே அன்பர் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலே மிஞ்சியது. பொட்டாசியத்தைக் கழிப்பது ஃபுரோசமைடு என்ற வேறொரு நீர்மாத்திரை. ஸ்பைரோனோலாக்டோனோ அதைத் தேக்கிவைக்கும். அட்ரீனல் சுரப்பி தரும் ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகத்தில் சோடியத்தை மீட்டுப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அந்த ஹார்மோன் அமர வேண்டிய ஏற்பியில் இம்மருந்து முந்திக்கொண்டு அமர்வதால், சோடியமும் நீரும் வெளியேறப் பொட்டாசியம் உள்ளேயே தங்கிவிடுகிறது. இதற்கு மேல் பொட்டாசியம் நிறைந்த இளநீரா?

பூன்லே அன்பர்:
என் தந்தையார் இதயக் கோளாறுக்காக இம்மருந்தை மூன்றாண்டுகளாக உட்கொள்கிறார், இளநீரும் அருந்துகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தின் பெயரைப் பிழையின்றி எழுதுவோரெல்லாம் மருத்துவராகிவிட முடியாது.

தேக்காவாசி:
அவர் ஃபுரோசமைடும் சேர்த்து உட்கொள்கிறாரா? அப்படியானால் ஒன்று கழிக்க, மற்றொன்று தேக்க, கணக்கு ஓரளவு சமமாகும். அதில் இளநீருக்கு என்ன பெருமை?

செங்காங் செல்வி:
முகப்பருவுக்காக இதே மாத்திரையை எனக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஸ்டீராய்டு என்றதும் உடல் பருத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

தேக்காவாசி:
மூலக்கூறின் அமைப்பு மட்டுமே ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போல இது வேலை செய்வதில்லை. ஆண் ஹார்மோனின் ஏற்பியையும் மறிப்பதால் பரு குறைகிறது, அதே காரணத்தால் ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்குகிறது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து இறப்பை 30 விழுக்காடு குறைத்தது. ஆண்களில் 10 விழுக்காட்டினருக்கு மார்புத் தொல்லையும் வந்தது. அதன்பின் இம்மருந்தின் பயன்பாடு பெருக, கனடாவின் ஒன்டாரியோவில் பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தோர் பெருகியதை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்போதும் இளநீரா?

ஈசூன் வாசகர்:
முதலில் ‘நீர்மாத்திரை’ என்ற சொல்லே தவறு, ‘சிறுநீர்ப்பெருக்கி’ என்பதே சரி. சென்ற ஆண்டு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்து பற்றிய விவாதத்திலும் தேக்காவாசி இப்படித்தான் பிறரைப் பேசவிடாமல் வகுப்பெடுத்தார்.

தேக்காவாசி:
சொல்லை எப்படி மாற்றினாலும் பொட்டாசியம் இறங்காது. அன்பரே, தந்தையாரின் இரத்தத்தில் கடைசியாகக் கண்ட பொட்டாசிய அளவு என்ன? எண்ணைக் கூறுங்கள்.

பூன்லே அன்பர்:
வியாழக்கிழமை பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடிவை உங்களிடம் ஒப்படைக்கும் எண்ணம் எனக்கில்லை.

தேக்காவாசி:
அதுவரை இளநீரையாவது நிறுத்துங்கள்.

பூன்லே அன்பர்:
இன்று மாலைக்கும் வாங்கியாயிற்று.